ஜீவராணி அடித்த மஞ்சள்

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவள் ஜீவராணி. புருஷன் இல்லை. ஒரே மகன் வினோஜன் கொழும்பில் வேலை பார்த்து, அங்கேயே தனுஷிகாவைக் கட்டிக்கொண்டான். கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் தாய் குடியிருந்த லயத்துப் பக்கம், தோட்டக்காரர்களின் அந்த வரிசை வீடுகளுக்கு, மனைவியைக் கூட்டி வரவில்லை. ஏனென்று பெற்றவளுக்குத் தெரியாதா என்ன! இந்தப் பொங்கலுக்கு மனைவியோடும் மாமனார் மாமியாரோடும் வருவதாகப் போனில் சொன்னவன், "வெளிச் செவத்தையாவது பாக்குற மாதிரி வைங்கம்மா" என்றும் சொல்லிவைத்தான்.

சுருக்கென்றது. ஆனாலும் மருமகள் முதன்முதலாக வாசல் மிதிக்கப்போகிறாளே.

பொங்கலுக்கு லயத்தில் எல்லாரும் சுண்ணாம்புதான் அடிப்பார்கள். இவள் பெயின்ட் கேட்டு பைஸர் முதலாளியின் கடைக்குப் போனாள். மனுஷன் விற்றால் போதுமென்று தூக்கிக் கொடுக்கவில்லை.

"அக்கா, பழைய சுண்ணாம்ப முழுசா சொரண்டணும். இல்லாட்டி பெயின்டும் சேந்து உரிஞ்சிரும். செவர்ல ஈரம் ஈக்கவும் கூடாது."

வழவழப்பான சுவருக்கான ரோலரை எடுத்தவளைத் தடுத்து, மேடுபள்ளமான கல் சுவருக்கென்று ரோமம் அடர்ந்த ரோலரையும், ஜன்னல் ஓரங்களுக்கு ஒரு பிரஷையும் கொடுத்தான்.

சொன்னபடியே செய்தாள். தோள் கழன்றுவிடும்போல வலிக்க வலிக்கக் கம்பி பிரஷால் தேய்த்தாள். பாசியைக் கழுவினாள். நல்ல வெயிலுக்காகக் காத்திருந்தாள். அடிப்பூச்சு காய்ந்தபின் மேலிருந்து கீழாக இளமஞ்சளை இரண்டு தரம் இழுத்தாள். லயத்தில் அடுத்த அறையான காம்பராவிலிருந்து சண்முகவடிவு வந்து பார்த்து, "தொரை பங்களா தோத்துப் போகும் போங்க" என்று சீண்டினாள். ஜீவராணிக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை.

அந்தப் பெருமையைப் பொங்கலுக்கு முந்தின வாரம் தோட்டத்து மேற்பார்வைக்காரனான கண்டாக்கு வந்து கெடுத்தான்.

"யாரக் கேட்டு அடிச்ச? லயம் தோட்டத்துச் சொத்து. எல்லாம் வெள்ளையா இருக்கணும்னு தொரை சொல்லிட்டாரு."

"மருமக வருதுங்கய்யா. அது வந்துட்டுப் போறவரைக்கும்..."

"ஒன் வீட்ல தோட்டத்துல பேர் போட்டு வேலை செய்ய ஆளே இல்ல. காம்பராவ விடச் சொன்னா எங்க போவ?"

ஓர் ஆயுசு உழைத்தவளுக்குச் சுவரில் ஒரு நிறம் வைக்க உரிமையில்லை! அடுத்த நாளே அவள் கையாலேயே மஞ்சள்மேல் சுண்ணாம்பு ஏறியது.

பெயின்ட்மேல் சுண்ணாம்பு பிடிக்காதென்று அப்புறம்தான் தெரிந்தது. பொங்கலன்று சுவர் முழுக்கச் செதில் செதிலாக உரிந்து, சொறி பிடித்ததுபோலத் திட்டுத்திட்டாக மஞ்சள் தெரிந்தது. பழைய சுவரே தேவலை.

கொழும்பிலிருந்து வந்து இறங்கிய சம்பந்தியம்மாள் களைப்பில் சுவரில் சாய்ந்தாள். பட்டுச்சேலை முதுகெல்லாம் வெள்ளையாகிவிட்டது. தனுஷிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க சொன்ன சொந்த வீடு இதுதானா மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டார்.

"ஆமா மாமா," என்ற வினோஜன், தாயின் பக்கம் திரும்பிச் சீறினான். "என்னம்மா இது? ஒரு செவத்தக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதா?"

கண்டாக்கு சொன்னதெல்லாம் அவள் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், சொந்த வீடு என்று மகன் அளந்த பொய் அங்கேயே சந்தி சிரிக்கும்.

"தெரியலப்பா," என்றாள் ஜீவராணி. சம்பந்தியம்மாளின் சேலையைத் துடைத்துவிட ஈரத்துணி எடுக்க உள்ளே போனாள்.