லொறியில் இடமில்லை

இருபத்திரண்டு வருடங்களில் இராஜகுமாரி ஒருவரிடமாவது “லொறியில இடமில்ல” என்று சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. கண்டியில் மரக்கறி ஏற்றி அனுப்பும் கம்பனி ஒன்றில் அவளுக்கு வேலை. எந்த லொறி எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும், எதை அடியில் போடுவது, எதை மேலே போடுவது என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். கடைசி நேரத்தில் பத்து மூட்டை முட்டைக்கோவாவோடு ஒருவர் வந்து நின்றால் சாரதிமார் தலையைச் சொறிவார்கள். அவள் லொறிக்குள் ஏறி நாலு கூடையை நகர்த்துவாள், இரண்டை நிமிர்த்தி வைப்பாள், பிறகு “ஏத்துங்க” என்பாள். பத்து மூட்டையும் உள்ளே போய்விடும்.

நாவலப்பிட்டிக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இருபத்தொரு வயதில் பில் எழுதத்தான் கண்டிக்கு வந்தாள். சரக்கு ஏற்றும் இடத்துக்குள் பொம்பிளைப் பிள்ளை இறங்கக் கூடாது என்று அப்போதிருந்த மேற்பார்வையாளர் சொன்னார். “கால் இருக்கிறவங்க எல்லாரும் இறங்கலாம்” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அந்த மனிதர் வேலையை விட்டுப் போய் எவ்வளவோ காலமாயிற்று. இவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள், நாற்பத்து மூன்று வயதில், கையில் அட்டையும் காதில் பேனாவுமாக.

இப்படிப்பட்டவளிடம்தான் சைக்கிள் கழகத் தலைவர் பொன்னுத்துரை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் இரும்புக் கடை வைத்திருப்பவர், எதையும் மணிக்கூட்டைப் பார்த்துச் செய்கிறவர். பெற்றோல் கிடைக்காத அந்த வருடத்தில் ஊரே சைக்கிளுக்கு மாறியபோது ஆரம்பித்த கழகம் அது. பெற்றோல் திரும்பி வந்த பிறகும் நாற்பத்தாறு பேர் சைக்கிளை விடவில்லை. இவர்கள் எல்லாரும் ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தம்புள்ளையில் புறப்பட்டு, நாவுல, மாத்தளை, அக்குறணை வழியாக விடிவதற்குள் கண்டிக்கு வந்துவிட வேண்டும் என்பது திட்டம். ஆட்கள் பஸ்ஸில் போவார்கள். சைக்கிள்கள் எப்படிப் போவது?

“ரெண்டு லொறி வேணும் எண்டு நினைக்கிறன்” என்றார் பொன்னுத்துரை.

“எதுக்குங்க ரெண்டு? ஒன்னு போதும்” என்றாள் இராஜகுமாரி. “இறக்கினதும் அதே லொறி வெறுமையா இருக்கும். உங்களுக்குப் பின்னாலயே வரும். முடியாதவங்கள ஏத்திக்குவோம்.”

தண்ணீர் எங்கே, பிளேன்டீ எங்கே, எந்த வளைவில் மண் சரிந்து கிடக்கிறது, எந்தப் பெற்றோல் செட்டில் இரவிலும் கழிப்பறை திறந்திருக்கும், எல்லாவற்றையும் அவளே எழுதிக் கொடுத்தாள். தம்புள்ளைச் சந்தைக்கு லொறி அனுப்பி அனுப்பி அந்தப் பாதை அவளுக்கு மனப்பாடம். பெயர் பதிய வந்த ஒவ்வொருவரிடமும், களைத்தால் லொறியில் ஏறுவீர்களா என்று கேட்டு அட்டையில் குறித்துக்கொண்டாள். எல்லாரும் தலையாட்டினார்கள். சுப்பம்மா மட்டும் ஆட்டவில்லை.

சுப்பம்மா மாநகரசபையில் தெருக் கூட்டுகிறவள். ஐம்பத்தைந்து வயது. கட்டுகஸ்தோட்டையில் வீடு. கூடையும் கரியரும் வைத்த பழைய இரும்புச் சைக்கிள் ஒன்று அவளிடம் இருந்தது.

“எனக்கு லொறியில எடம் போடாத தங்கச்சி” என்றாள்.

“ஏன்க்கா? என் லொறியில எப்பவும் இடம் இருக்கும்.”

“இருக்கட்டும். இருவது வருசமா வேலைக்கு குப்பை லொறிக்குப் பின்னாடி ஏறி நின்னுகிட்டுத்தான் போனேன், கூட்டுற தும்புத்தடியும் நானுமா. பெற்றோல் இல்லாத வருசம் லொறி வரல. அப்பதான் விழுந்து எந்திரிச்சு சைக்கிள் பழகினேன். லொறி திரும்பி வந்துச்சு, நான் ஏறல. இனியும் ஏறமாட்டேன்.”

இராஜகுமாரி அட்டையில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள்.

சனிக்கிழமை காலை சைக்கிள் ஏற்றினார்கள். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஹாண்டிலைத் திருப்பி, ஒன்றுக்கு மற்றது தலைமாற்றி, நடுவே கோணிச்சாக்கு வைத்து, கீழே ஒரு அடுக்கு, பலகை, மேலே ஒரு அடுக்கு. பெடல்கள்தான் பக்கத்துச் சைக்கிளின் கம்பிகளில் மாட்டி வம்பு பண்ணின. “கழட்டுங்க” என்றாள். கழற்றினார்கள். நாற்பத்தாறு சைக்கிளும் ஒரே லொறிக்குள் போய் நின்றன. சாரதி கணேஸ் கதவைப் பூட்டிவிட்டுக் கைதட்டினான். அவளுக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

அந்தப் பெருமையில்தான் கோட்டை விட்டாள். கழற்றிய தொண்ணூற்றிரண்டு பெடல்களையும் அவள் தனக்குத் தெரிந்த வழியில் தரம் பிரித்தாள். பெரியது ஒரு சாக்கு, சின்னது ஒரு சாக்கு, இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி. கரட்டோடு கரட், பீட்ரூட்டோடு பீட்ரூட் என்று இருபத்திரண்டு வருடம் பிரித்த கை வேறு எதைச் செய்யும்? எந்தப் பெடல் எந்தச் சைக்கிளுக்கு என்று ஒரு நூல்கூடக் கட்டவில்லை.

தம்புள்ளையில் இரவு ஏழு மணிக்குச் சாக்குகளை அவிழ்த்துக் கொட்டியதும், சைக்கிள் திருத்துகிற அரூஸ் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டான்.

“அக்கா, என்ன வேல செஞ்சு வச்சிருக்கீங்க? எடப்பக்கத்துப் பெடலுக்கு மரை தலைகீழ். இந்தப் பக்கம் போடுறத அந்தப் பக்கம் போட்டா ஏறாது. தள்ளி இறுக்கினா மரை போயிரும்.”

புதுச் சைக்கிள்காரர்கள் தங்களுடையதை அடையாளம் கண்டுகொண்டார்கள். பழைய பெடல்களில் எழுத்துத் தேய்ந்து கிடந்தது. ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பார்த்து, இது இடது, இது வலது, இது பொருந்தாது என்று அரூஸ் பொறுக்கப் பொறுக்க, டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற இராஜகுமாரிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. புறப்படும்போது மணி ஒன்பது இருபது.

“மரக்கறி ஏத்துற ஆக்களிட்ட சைக்கிளைக் குடுத்தது என்ர பிழை” என்றார் பொன்னுத்துரை, எல்லாருக்கும் கேட்கும்படி.

பிழை அவளுடையது. ஆனால் அடுத்ததாக அவர் சொன்னதை அவளால் விட முடியவில்லை.

“பொலிஸ் பேப்பரில ஆறு மணிக்கு முன்னம் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டோணும் எண்டு கிடக்கு. ரெண்டு மணிக்கு மாத்தளையில நிக்காத ஆக்கள் எல்லாரும் லொறியில ஏறோணும். அது முந்தியே போட்ட சட்டம், மாத்தேலாது.”

“எட்டு மணிக்குப் புறப்பட்டா ரெண்டு மணி சரிங்க ஐயா. இப்ப ஒன்பது இருபது. மாத்தளைக்கு மூனு இருபதுன்னு வைங்க.”

“பாலம் உம்மட மூண்டு இருபதுக்காகப் பாத்துக்கொண்டிருக்காது. இந்த முறை பிழைச்சால் அடுத்த முறை அனுமதி தரமாட்டாங்கள்.”

“பிழை நான் செஞ்சது. மெதுவா வர்றவங்க ஏன் லொறி ஏறணும்?”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். விசில் ஊதினார். நாற்பத்தாறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவில் இறங்கின.

நாவுல வரைக்கும் எல்லாரும் ஒரு சங்கிலியாகப் போனார்கள். நாலந்தாவுக்குப் பிறகு ஏற்றம் தொடங்கியதும் சங்கிலி அறுந்தது. முன்னால் போனவர்களின் சிவப்பு விளக்குகள் மறைந்தன. பிறகு நடுவில் போனவர்களும் மறைந்தார்கள். கடைசியில் லொறியின் வெளிச்சத்தில் ஒரே ஒரு சைக்கிள் மிச்சமிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகி, உள்ளே காற்சட்டை போட்டு, தலையில் சிவப்புத் தலைக்கவசத்தோடு சுப்பம்மா மிதித்துக்கொண்டிருந்தாள். செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளினாள். தள்ளும்போதும் நிற்கவில்லை.

“நடந்தே போயிருக்கலாம் போல” என்றான் கணேஸ், முதல் கியரில் லொறியை உறுமவிட்டபடி.

“நீ நடந்து பாரேன்” என்றாள் இராஜகுமாரி.

பலாபத்வெலவை நெருங்கியபோது போன் அடித்தது. சரியாக இரண்டு மணி. மாத்தளைக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருந்தது.

“இராஜகுமாரி, எல்லாரும் வந்திட்டினம். அந்த அம்மா மட்டும்தான் இல்லை. ஏத்திக்கொண்டு வாரும்.”

“வர்றோம்ங்க” என்று சொல்லிக் கட் பண்ணினாள். லொறியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். சுப்பம்மாவும் நின்றாள். மூச்சு வாங்கியது. போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தாள், முகத்தில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

“என்னாலயா ஏசுறாங்க?” என்று கேட்டாள்.

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத. ரெண்டு மணி தாண்டிருச்சு, எனக்கும் தெரியும்.” சைக்கிளை லொறிப் பக்கம் திருப்பினாள். “கதவத் திற தங்கச்சி. ஒனக்கு வேலையில கெட்ட பேரு வந்துறக்கூடாது. நான் ஏறிக்கிறேன்.”

இராஜகுமாரிக்குக் கோபம் வந்தது. பொன்னுத்துரை மேல், பொலிஸ் பேப்பர் மேல், எல்லாவற்றையும்விடத் தன் மேல். இருபது வருடம் நின்ற இடத்துக்கு இவள் திரும்பி ஏறுவதா? அதுவும் தன் லொறியில், தான் பெடலைக் கலந்து வைத்ததால்?

“இடமில்லக்கா” என்றாள்.

“என்னது?”

“லொறியில இடமில்ல.”

சுப்பம்மா லொறியைப் பார்த்தாள். சைக்கிள் விளக்கின் வெளிச்சத்தில் பின்கதவுக் கம்பிகளினூடே பலகையும் கோணிச்சாக்குகளும் தெரிந்தன. நாற்பத்தாறு சைக்கிளைக் கக்கிவிட்டு அது காலியாகக் கிடந்தது. கணேஸ் சாரதி இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தான்.

“நெசமாத்தான் சொல்றியா?” என்று கேட்டாள் சுப்பம்மா.

“இருவத்திரண்டு வருசத்துல முதல் தடவையா சொல்றேன். ஏறுங்க, லொறியில இல்ல, சைக்கிள்ல.”

சுப்பம்மா சிரிக்கவில்லை. சைக்கிளைத் தெருப் பக்கம் திருப்பி, காலைத் தூக்கிப் போட்டு மிதிக்கத் தொடங்கினாள். போன் மறுபடி அடித்தது.

“எங்க நிக்கிறியள்?”

“பலாபத்வெலங்க. ஐயா, லொறியில இடமில்ல.”

“என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? வெறும் லொறி அது!”

“நீங்க எல்லாரும் போங்க. ஆறு மணிக்கு முன்னால பாலத்தத் தாண்டிருங்க. கடைசி ஆளுக்குப் பின்னால லொறி வரும். ஏத்துறதுக்கு மட்டும் இடமில்ல.”

போனை அணைத்துப் பையில் போட்டாள்.

மாத்தளையில் கழகத்தார் யாரும் இல்லை. பூட்டிய கடை ஒன்றின் படியில் சுப்பம்மா பத்து நிமிடம் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு வாழைப்பழம் தின்றாள். அலவத்துகொடையில் சங்கிலி கழன்றது. கணேஸ் தானே இறங்கி மாட்டிக் கொடுத்தான். அக்குறணையில் பள்ளிவாசலுக்குப் போகிற மனிதர்கள் இருவர், இந்நேரத்தில் லொறி வெளிச்சம் பிடித்துக்கொண்டு வர சைக்கிள் ஓட்டும் பெண்ணை நின்று பார்த்தார்கள். சுப்பம்மா மணி அடித்தாள். இராஜகுமாரி ஒவ்வொரு கிலோமீட்டர்க் கல்லையும் பார்த்து மணியைப் பார்த்தாள். பிறகு மணியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக்கு வந்தபோது ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். பாலத்தின் இந்தப் பக்கம் பொன்னுத்துரை நின்றார். பக்கத்தில் ஒரு சிங்களப் பொலிஸ்காரர். கை நீட்டி மறித்தார்.

“ஆறு மணி முடிஞ்சுது நே. குரூப் போகேலாது.”

பொன்னுத்துரை இராஜகுமாரியைப் பார்த்த பார்வையில் அடுத்த வருடத்து அனுமதி முழுவதும் இருந்தது. அவள் இறங்கி முன்னால் வந்தாள்.

“குரூப் எங்க மாத்தையா இருக்கு? குரூப் எல்லாம் முந்தியே உள்ள போயிருச்சு. இது தம்புள்ளையில இருந்து வர்ற லொறி, தினமும்தான் வருது. இது ஒரு சைக்கிள்.”

சுப்பம்மா தலைக்கவசத்தைக் கழற்றினாள். முடி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. “என்னைத் தெரியலையா மாத்தையா? ஒவ்வொரு நாளும் காலம்பற இந்தப் பாலத்துல சைக்கிள்ல போறேன். நீங்க டியூட்டியில நிக்கிற ரோட்டத்தான் கூட்டுறேன். இதுவரைக்கும் என்கிட்ட யாராச்சும் பேப்பர் கேட்டீங்களா?”

பொலிஸ்காரர் உற்றுப் பார்த்தார். “ஆ, சுப்பம்மா நே?” நீட்டிய கையைக் கீழே போட்டார். “போங்க, போங்க.”

அவள் போனாள். பாலத்தின் நடுவில் எழுந்து நின்று மிதித்தாள்.

பொன்னுத்துரை லொறிக்குப் பின்னால் நடந்து போய்க் கதவைத் திறந்தார். உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். பலகையையும் கோணிச்சாக்குகளையும் தவிர ஒன்றும் இல்லை.

“பிறகேன் இடமில்லை எண்டு சொன்னனீர்?”

“பெடலக் கலந்தது என் பிழை ஐயா. எங்க வேணும்னாலும் சொல்லுங்க, நானும் ஒத்துக்குறேன். அடுத்த தடவை ஒவ்வொரு பெடலையும் அந்தந்தச் சைக்கிள்லயே கட்டித் தர்றேன்.” இராஜகுமாரி அவர் கையிலிருந்த கதவை வாங்கிப் பூட்டினாள். “ஆனா ஓட்டிக்கிட்டிருக்கிறவங்களப் புடிச்சு ஏத்தச் சொன்னா, அடுத்த தடவையும் இடமில்லைன்னுதான் சொல்லுவேன். வேணும்னா வேற லொறி பாருங்க.”

அவருடைய பதிலுக்கு அவள் நிற்கவில்லை. முன்னிருக்கையில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

“லொறிய எடு கணேஸ். அக்கா முன்னால போயிட்டாங்க.”