கடைசி வீட்டு வரி

ஊரில் அவளுக்கு வரியக்கா என்று பெயர். நகராட்சியில் வீட்டு வரி வசூலிப்பவள். அவள் தெருமுனையில் தலைகாட்டினால் போதும், வாசலில் நின்று பல் துலக்குகிறவன்கூட வாயைக் கொப்பளிக்காமல் உள்ளே ஓடிவிடுவான். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உனக்கு நான் வரி கட்டிட்டிருக்கேன், ஒரு ரசீது உண்டா?" என்று ஆட்டோ ஓட்டும் அவள் கணவர் கேலி செய்வார். அவளுக்குக் கோபம் வராது. மூடிய கதவுகளோடு பேசிப் பேசியே அது தேய்ந்து போயிருந்தது.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து வரவேண்டிய மானியம் வரவில்லை. குப்பை வண்டிக்கு டீசல் போடவே ஆணையர் திண்டாடினார். பாக்கி வைத்திருந்த தெருக்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தபோது, வரியக்காவுக்கு வாய்த்தது சாக்கடையோரத் தெரு.

தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் பெரிய சாக்கடை ஓடியது. ஆள் மூழ்கும் ஆழம். மேலே மூடியிருந்த கற்பலகைகளில் பாதி உடைந்து உள்ளே கிடந்தன. விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது.

"விளக்கைப் போடுங்க, வரியைக் கட்டுறோம்" என்றார்கள் வீட்டுக்காரர்கள்.

"வரியைக் கட்டுங்க, விளக்கைப் போடுறோம். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" என்றாள் இவள்.

வீட்டுக்கு வீடு இதே பாட்டு. கடைசி வீட்டுக்கு வந்தபோது தொண்டை வறண்டிருந்தது. பச்சைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள்.

"யாரு?" உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"நகராட்சியிலேர்ந்து வர்றேம்மா. வீட்டு வரி."

"நான்தான் கட்டிட்டேனே."

"மூணு வருஷமா பாக்கி நிக்குதேம்மா."

"அதுக்கு மேல குடுக்க எங்கிட்ட என்னம்மா இருக்கு?"

சண்டைக் குரல் இல்லை. களைத்த, நல்ல குரல். ஆனால் அது கதவின் அடியிலிருந்து வந்தது, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு பேசுவதுபோல. நோயாளியோ என்னவோ என்று வரியக்கா குனிந்து பார்த்தாள். கொளுத்துகிற மத்தியான வெயிலில் வாசற்படி மட்டும் ஈரமாக இருந்தது.

திரும்பி நடக்கையில் குரல் மறுபடி வந்தது. "சுவரோரமா போம்மா. உன் காலுக்கு முன்னால இருக்கிற கல்லு ஆடுது."

காலால் தட்டிப் பார்த்தாள். கல் ஆடியது. உள்ளிருந்து தெருவைப் பார்க்கக் கதவிலோ சுவரிலோ ஒரு ஜன்னல்கூட இல்லை. வெயிலிலும் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

இருந்தாலும் வேலை என்று ஒன்று இருக்கிறதே. அடுத்தடுத்து வந்தாள். மற்ற வீடுகளில் நாயை அவிழ்த்துவிடாத குறை. கடைசி வீட்டில் மட்டும், "சாப்பிட்டியாம்மா? கால் வலிக்கலையா?" என்று கேட்டது குரல். வரி கேட்கப் போகிறவளிடம் யார் அப்படிக் கேட்பார்கள்? அந்தக் கதவோரம் நின்று தன் மகளின் படிப்பைப் பற்றிக்கூடச் சொல்லியிருக்கிறாள். கதவு ஒருநாளும் திறக்கவில்லை. பேச்சுக்கு நடுவே தண்ணீர் சலசலக்கும். குழாயே போடாத தெருவில் இதென்ன சத்தம் என்று யோசிப்பாள். கேட்கத்தான் வாய் வராது.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. சாக்கடை நிரம்பித் தெருவோடு ஒன்றானது. எது தரை, எது குழி என்று தெரியவில்லை. குடையைப் பிடித்தபடி விறுவிறுவென்று நடந்தாள்.

"நில்லு!"

காலடியில், தண்ணீருக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள். குடையை மடக்கி முன்னால் ஊன்றினாள். பிடிவரைக்கும் உள்ளே போயும் தரை தட்டுப்படவில்லை.

எதிரே தையல்காரர் கடையில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. நனைந்த கோழியாக அங்கே போய் உட்கார்ந்து நடுங்கினாள். "கடைசி வீட்டம்மா கத்தலைன்னா இந்நேரம் நான் போய்ச் சேர்ந்திருப்பேன் அண்ணே."

ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது.

"உங்ககிட்டயும் பேசிட்டாங்களா?" என்றார் தையல்காரர், தலை நிமிராமல். "அந்த வீடு பூட்டி மூணு வருஷமாச்சும்மா. அந்தம்மா ஆஸ்பத்திரியில துணி வெளுத்தவங்க. இந்தத் தெருவுல வரி கட்டின ஒரே ஆளு அவங்கதான். விளக்கு கேட்டு ஆபீசுக்கு நடையா நடந்தாங்க. ஒரு வீட்டு வரிக்கு ஒரு கம்பம் நட முடியாதுன்னுட்டாங்க. வேலை முடிஞ்சு இருட்டுல வரும்போது இங்கதான் விழுந்தாங்க. நாங்களும் கட்டியிருந்தா..."

'நான்தான் கட்டிட்டேனே' என்ற சொல் வரியக்காவின் காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்தாள். எழுந்ததும் நேராக ஆணையர் அறைக்குப் போனாள்.

"ஒரு தெருவுல வசூலாகிறதை அந்தத் தெருவுக்கே ஒதுக்க வழியில்லம்மா. அப்புறம் சம்பளம் யாரு குடுக்கிறது?" என்றார் ஆணையர்.

"ஒரே ஒரு சாயங்காலம் அங்க வந்து நடந்து பாருங்க சார். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் வந்தார். டார்ச்சை அடித்தபடி கடைசி வீடுவரை தனியாகப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. மழை இல்லாத நாளில் அவருடைய காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"கம்பம் நட முடியாதுன்னு நான் சொன்னதை, என் குரல்லயே திருப்பிச் சொல்றாங்கம்மா" என்றார்.

அந்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. சாக்கடையோரத் தெருவின் வசூல் முதலில் அந்தத் தெருவின் மூடிக்கும் விளக்குக்கும் போகும். தையல்காரர்தான் முதலில் கட்டினார். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பாக்கி மொத்தமும் வந்துவிடவில்லை. ஆனால் புதுப் பலகைகளுக்கும் கம்பங்களுக்கும் போதுமானதாக இருந்தது.

கடைசிக் கம்பத்தில் விளக்கை மாட்டி இறங்கிய மின்பணியாளர் வரியக்காவிடம் கேட்டார். "ஏணியைப் பிடிச்சிட்டிருந்த அம்மா எங்கேக்கா? நன்றிகூடச் சொல்லல."

"யாரு பிடிச்சா?"

"இங்கதான் நின்னாங்க. கைதான் ஐஸ் மாதிரி, ஏணி வழியா எனக்கே குளிர் ஏறுச்சு."

வரியக்கா பச்சைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. படி உலர்ந்து கிடந்தது. வெகுநேரம் நின்றாள். பயம் விட்டுப்போயிருந்தது. கூடப் பிறந்தவள் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டதுபோல இருந்தது.

மழைக்காலம் முடிந்தபோது பக்கத்துத் தெருக்காரர்கள் கூட்டமாக அலுவலகத்துக்கு வந்தார்கள். அங்கே சாக்கடை இன்னும் திறந்துதான் கிடந்தது. யாரும் கேட்காமலே வரியை மேசையில் வைத்தார்கள். இருபது வருட வேலையில் அவள் பார்த்திராத அதிசயம்.

"என்ன திடீர்னு?" என்றாள்.

முன்னால் நின்ற பெண் குரலைத் தாழ்த்தினாள். "விளக்கு வைக்கிற நேரத்துல கதவைத் தட்டி, வரி கட்டியாச்சாம்மான்னு கேக்கறாங்க. திறந்தா யாரும் இல்ல. படி மட்டும் ஈரமா இருக்கு. நீங்கதானேக்கா அது?"

வரியக்கா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த கைக்குழந்தையைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, நான்தான்" என்று சொல்லிவிட்டு ரசீது எழுதத் தொடங்கினாள்.