மூன்று விதமாக எரியும் ஊர்

ஜமுனாமரத்தூர் விடுதியில் மழை என்னை அடைத்துப் போட்டிருந்த நாளில்தான் அந்தப் பக்கத்து அறைக்காரரைப் பார்த்தேன். மழுங்கச் சிரைத்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. உலகப் போர் கால விமானச் சண்டையைப் பலகை விளையாட்டாகப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். பலகையில் வரைந்திருந்த நகரத்தின் மேல், சமையல்கார அம்மாவிடம் வாங்கிய சாமையைத் தூவியிருந்தார். அந்த மணிகள்தான் மக்களாம். பகடையில் ஆறு விழுந்தால் குண்டு விழுந்ததாகக் கணக்கு; அப்போதெல்லாம் குனிந்து, மணிகள் சிதற வாயால் ஊதுவார். எச்சில் தெறிக்கும். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

“தனியா ஆடுனா சப்புன்னு இருக்கும் சார். எதிர்த்து ஆடுனா ஒருத்தர் கீழயிருந்து நம்மள சுடுவாரு, அது பரவால்ல. சேர்ந்து ஆடுனா ரெண்டு பேருமே விமானி. அதான் குஷி!”

அதைக் கேட்டபடியே டீ கொண்டுவந்த சமையல்கார அம்மா, தரையில் சிதறிக் கிடந்த சாமையைப் பார்த்தார்.

“இன்னா சார் இது? எங்க கொல்லையில வெளஞ்சதுங்க, கால்ல மிதிக்காதீங்க. மூணு ஆட்டத்துலயும் இந்த ஊரு எரியுமாங்க?”

“எரியாம? அதுக்குத்தானேம்மா ஆட்டமே!”

அந்த அம்மா தரையில் கிடந்த மணிகளை மட்டும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

நானும் எழுந்து போயிருக்க வேண்டும். மழை விடவில்லை. அந்த ஆளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

“எந்த ஆட்டம் சார்?” என்றார்.

“சேர்ந்தே ஆடலாம்” என்றேன்.

மூன்றாவது உருட்டலில் எனக்கு ஆறு விழுந்தது. அவர் குனிவதற்குள் நானே ஊதிவிட்டேன்.