ஓராபுர முனி காத்த வீடு

மிக்கேலம்மாளுக்குத் தான் பாடும் பாட்டின் அர்த்தம் தெரியாது. அதற்காக அவள் கவலைப்பட்டதும் இல்லை. மாதாவுக்குத் தெரிந்தால் போதாதா? சனிக்கிழமை சாயங்காலம் கோவிலில் சாமியார் லத்தீனில் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிடுவார். சனங்கள் ஒவ்வொன்றுக்கும் "ஓரா ப்ரோ நோபிஸ்" என்று பதில் பாடுவார்கள். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அதற்குப் பொருளாம். கேட்டுக் கேட்டே மொத்தப் பிரார்த்தனையையும் அவள் மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் அது ஒற்றை ஆள் பாடுகிற பாட்டு இல்லை. ஒருவர் கூப்பிட வேண்டும், இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். புருஷன் யாகப்பன் காமாலையில் போன பிறகு அவளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. பெரிய வூடுதான் இருந்தது.

புங்கனஅள்ளியில் பெரிய வூடு என்றால், சின்ன ஜமீன்தார்கள் மாதிரி ஊரை ஆண்ட மிட்டாதார்கள் கட்டிய மாளிகை. மொரப்பூரில் ரயில் இறங்கி அரூர் பக்கம் வருகிறவர்களுக்குப் புளியமரங்களுக்கு மேலே முதலில் தெரிவது அதன் மாடிதான். பர்மா தேக்கில் தூண்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புச் சாந்தை இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கிய சுவர்கள். ஜன்னல்களின் மேல்வளைவில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. நடுவில் மாடி வரைக்கும் எழும்பி நின்ற கூடம். அந்தக் கூடத்தில் ஒருவர் தும்மினால் மேலே இன்னொருவர் தும்முவது போல இருக்கும்.

மிட்டா ஒழிந்தது, பெரியவரும் செத்தார். மகன்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய், அங்கே இருந்தபடியே பாகப்பிரிவினை வழக்குப் போட்டுக்கொண்டார்கள். தான் மேல்தளத்தைச் சரி பண்ணினால் அண்ணன் அனுபவிப்பான் என்று தம்பியும், தம்பி அனுபவிப்பான் என்று அண்ணனும் கையைக் கட்டிக்கொண்டார்கள். மழைக்கு வழக்கும் தெரியாது வாய்தாவும் தெரியாது. அது பாட்டுக்கு வருஷா வருஷம் வந்து தளத்தில் இறங்கியது.

யாகப்பன் அந்த வீட்டுக் காவல்காரன். அவன் போன பிறகு மிக்கேலம்மாளிடம் யாரும் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. பின்கட்டு அறையில் அவள் இருந்துகொண்டாள். பகலில் கடலை பிடுங்கவோ களை வெட்டவோ போவாள். பொழுது சாய வந்து கூடத்தைப் பெருக்கி, நடுவில் உட்கார்ந்து பாடுவாள். "ஓரா ப்ரோ நோபிஸ்" என்பாள். "நோபிஸ்" என்று கூடம் பதில் சொல்லும். பிள்ளை இல்லாத, புருஷனும் இல்லாத பொம்பளைக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய துணை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஊருக்கு அந்த வீடு துணையாகத் தெரியவில்லை, மரமாகவும் இரும்பாகவும் தெரிந்தது. ஆத்துல போற தண்ணி, அய்யா குடி அம்மா குடி என்கிற கதைதான். கதவுகளின் பித்தளைக் குமிழ்கள் முதலில் போயின. பிறகு ஜன்னல் கம்பிகள் கொழுவாகவும் களைக்கொத்தாகவும் மாறி மிட்டாதார் நிலத்தையே உழுதன. அவள் கத்தினால் சிரித்தார்கள். "யார் வூட்டுச் சொத்துக்கு யார்க்கா அழுவுறது?" என்று அவளையே கேட்டார்கள்.

அப்படிப்பட்ட நாளில்தான் மாது வந்தான். ஊரில் ஆடு வைத்திருந்தவன், கெட்டவன் இல்லை. புதுசாகக் கட்டிய கொட்டாய்க்கு ஒரு வாசல் நிலவு தேவைப்பட்டது, அவ்வளவுதான். கதவை மாட்டுகிற அந்த மரச்சட்டம் மாடி அறையில் தேக்கில் சும்மா கிடக்கும்போது விலைக்கு வாங்க அவனுக்கு என்ன பைத்தியமா? பொழுது மங்குகிற நேரம் பின்பக்கமாகக் கடப்பாரையோடு ஏறி, நிலவைப் பாதி பெயர்த்திருந்தான். கீழே கூடத்தில் மிக்கேலம்மாள் இருட்டில் உட்கார்ந்து அப்போதுதான் பாட ஆரம்பித்திருந்தாள். சுவரெல்லாம் ஒரே குரல். தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை, கன்னடமும் இல்லை. புங்கனஅள்ளியில் பிறந்தவனுக்கு இந்த மூன்றையும் விட்டால் மிச்சம் இருப்பது முனி பேசுகிற பாஷைதான். மாது கடப்பாரையைப் போட்டுவிட்டு மாடியிலிருந்தே குதித்து ஓடினான்.

மறுநாள் கிணற்றடியில் குள்ளம்மாள் வழியை மறித்தாள். ஊர் வம்பு எல்லாம் அவள் குடத்தில்தான் நிரம்பும்.

"யக்கா, வூட்டுக்குள்ள முனி இருக்குதாமே? மாதுக்கு ஜொரம் தூக்கித் தூக்கிப் போடுது. 'ஓராபுர முனீஸ், ஓராபுர முனீஸ்'னு அதுவே அது பேரச் சொல்லுச்சாம். இத்தினி நாளு அங்கயே கெடக்கற, உனக்குத் தெரியாமயா இருக்கும்?"

மிக்கேலம்மாளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அட கூறு கெட்டவளே, அது நான்தான்டி என்று சொல்ல வாயும் திறந்தாள். அதற்குள் மாடியில் பாதி பெயர்ந்து தொங்கிய வாசல் நிலவு கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயைத் திறந்ததற்கு வேறு ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

"ஆமா, இருக்குது. நான் அத ஒண்ணும் கேக்கறதில்ல, அதுவும் என்ன ஒண்ணும் பண்றதில்ல" என்றாள்.

அவ்வளவுதான். பத்து போலீஸ்காரர்கள் செய்ய முடியாததை அந்த ஒரு பேச்சு செய்தது. வீட்டு வாசலுக்கு வெளியே கல் நட்டார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், கோழி அறுத்தார்கள், சுருட்டும் சாராயமும் வைத்தார்கள். மிட்டாதார் இருந்த காலத்தில்கூட அந்த வாசலுக்கு அவ்வளவு மரியாதை இருந்ததில்லை. குள்ளம்மாளுக்கு அமாவாசைக்கு அமாவாசை அருள் வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பெரிய வீட்டிலிருந்து ஒரு ஆணிகூடப் போகவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் மிக்கேலம்மாள் இதைச் சொன்னாள். ஸ்தனிஸ்லாஸ் சாமியார் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"பொய் சொன்னியா?"

"பொய் சொல்லலீங்க சாமி. அவங்க கேட்டாங்க, ஆமான்னுட்டன்."

"அதுக்குப் பேரு என்னம்மா? மாதா பிரார்த்தனையைக் கொண்டுபோய் முனியாக்கி வச்சிருக்க. ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லு."

"சொல்றங்க சாமி" என்றாள். சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாளே தூண் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச வருஷத்தில் கோவிலில் எல்லாம் தமிழ் ஆனது. மற்றவர்கள் மாறிக்கொண்டார்கள். அவள் மட்டும் வீட்டில் லத்தீனையே பாடினாள். கூடம் பழகிய பாட்டை ஏன் மாற்ற வேண்டும்?

ஆனால் ஒன்று, காவல் காக்கிற முனிக்குத் தளம் போடத் தெரியாது. விரிசலில் ஒரு அரசங்கன்று முளைத்தது. வெட்ட ஆள் கூப்பிட்டாள், ஒருவனும் வரவில்லை. ஒழுகுகிற இடத்தைப் பூச அரூரிலிருந்து வந்த கொத்தனார் டீக்கடையில் கதை கேட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். அவளே ஏறி அரிவாளால் வெட்டினாள். மேலே வெட்ட வெட்ட, வேர் சுவருக்குள் இறங்கியது. திருடனை விரட்டிய பொய் கொத்தனாரையும் விரட்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய?

தருமபுரி தனி மாவட்டமாகி ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு நாள் ஜீப் வந்தது. மிட்டாதாரின் கடைசி மகன் கிருஷ்ணப்பன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார், கூடவே ஒரு அதிகாரி. பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க அரசாங்க ஆஸ்டலுக்குப் பெரிய கட்டிடம் தேடுகிறார்களாம். அதிகாரி கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "பேஷ்" என்றார். கூடமும் "பேஷ்" என்றது.

கிருஷ்ணப்பன் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "கேஸ் முடிஞ்சிருச்சு மிக்கேலம்மா. ஆஸ்டல் வந்தா தளத்தைப் பிரிச்சுப் புதுசா போட்டுடலாம். இவங்க வேணாம்னுட்டா அண்ணனுங்க என் பேச்சக் கேக்க மாட்டாங்க. தேக்குக்காக அரூர் மரக்கடைக்காரர் காத்துக்கிட்டிருக்கறார்."

"வருவாங்க சின்னய்யா. ஏன் வராம இருக்கறாங்க?" என்றாள். அன்றைக்குக் கூடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பாவாடை கட்டிய பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதாக நினைத்துப் பார்த்தாள். அந்த வயதில் சந்தோஷம் வந்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

பயந்தது நடந்தது. ஒரு வீட்டிலும் பெண்ணை அனுப்பச் சம்மதிக்கவில்லை. சமையலுக்கு வர இருந்தவளும் வர மாட்டேன் என்றாள். மாதுவின் மகள் நன்றாகப் படிப்பாள், அதிகாரி அவனிடமே நேரில் கேட்டார்.

"எம் பொண்ணு ஆடு மேச்சாலும் பரவால்லீங்கய்யா, முனிக்குக் குடுக்க மாட்டன். பொய்யின்னா மிக்கேலம்மாக்காவயே கேளுங்க" என்றான்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை. பட்டப்பகலில் ஊரையே கூடத்து வாசலுக்குக் கூட்டி, எல்லாரும் பார்க்க நடுக்கூடத்தில் போய் நின்றாள்.

"முனியும் இல்ல ஒண்ணும் இல்ல. அன்னிக்கு மாது கேட்டது என் சத்தம். எங்க கோவில் பாட்டு அது. வூட்டக் காப்பாத்தத்தான் ஆமான்னுட்டன். என்ன மன்னிச்சுக்குங்க. இப்பப் பாடறன், நீங்களே கேளுங்க."

பாடினாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பாடியதில்லை. கூடமும் அவளுக்குக் குறை வைக்கவில்லை. நாலு பக்கமும் "நோபிஸ், நோபிஸ்" என்று திருப்பிச் சொன்னது. மூன்றாவது தடவை சொல்லி முடிப்பதற்குள் வாசலில் குள்ளம்மாள் கூந்தலை விரித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தாள்.

"டேய்! எம்மூட்டுக்குள்ள எவடா வர்றது?"

கூட்டம் மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டது. மாது கும்பிட்ட கையை இறக்காமலே அதிகாரியிடம் சொன்னான். "பாத்துட்டீங்களாய்யா? அதே கொரலு. இத்தினி வருசமா அக்கா மேலயே ஏறிக்கிட்டிருக்குது. பாவம், முனி சொல்லச் சொல்லித்தான் அக்கா இல்லன்னு சொல்லுது."

"ஐயோ, நான்தான்டா அது!" என்று மிக்கேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். தலையில் அடித்துக்கொண்டது இன்னும் வினையாகப் போயிற்று. இரண்டு பேர் ஓடி வந்து அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துத் திருநீறு பூசினார்கள். அதிகாரி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஜீப்பில் ஏறினார். ஆஸ்டல் அரூரில் ஒரு அரிசி மண்டிக்கு மேலே போனது.

மரக்கடைக்காரர் வந்தார். வீட்டைப் பிரிக்கவும் கூலியாட்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் மிக்கேலம்மாளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. முனியிடம் பூ கேட்டு உத்தரவு வாங்கினால்தான் கடப்பாரையைத் தொடுவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். கல்லின் தலையில் ஈரப் பூ வைப்பார்கள். அது வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் கூடாது.

கூட்டத்துக்குப் பின்னால் அவளும் நின்றாள். ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து ஒரு கல்லையும் கும்பிடாதவள் அன்றைக்கு முந்தானைக்குள் கையைக் குவித்தாள். உன்னப் பெத்தவ நான்தான், எனக்காக ஒரே ஒரு தடவ எடப்பக்கம் குடுத்துடு சாமி என்று மனசுக்குள் கெஞ்சினாள். இதற்கும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பூ வலப்பக்கம் விழுந்தது. மரக்கடைக்காரர் முனிக்கு வெட்டக் கட்டி வைத்திருந்த கிடாய் எந்தப் பக்கம் நிற்கிறது என்று முனிக்குத் தெரியாதா என்ன?

பிரிக்க ஒரு மாதம் ஆயிற்று. தூண்கள் லாரியில் போயின, கண்ணாடி நொறுங்கியது, செங்கல் வண்டி வண்டியாகப் போனது. கிருஷ்ணப்பன் வரவில்லை. பிரிக்கும்போது ஒரு ஆளுக்கும் சின்னக் காயம்கூடப் படவில்லை என்று மரக்கடைக்காரருக்கு மனசு குளிர்ந்து, முனிக்குக் கோவில் கட்டச் செங்கல்லும், பூஜை அறைத் தேக்குக் கதவும் இனாமாகக் கொடுத்தார். முகப்பில் 'அருள்மிகு ஓராபுர முனீஸ்வரன்' என்று நீலப் பெயிண்டில் எழுதினார்கள். மிக்கேலம்மாள் மாதா கோவில் பக்கம் ஒரு குடிசைக்குப் போனாள்.

அடுத்த தை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று. கூடம் இருந்த இடத்தில் எருக்கஞ்செடி வளர்ந்திருந்தது. முனி கோவில் வாசலில் குள்ளம்மாளும் நாலைந்து பெண்களும் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்காதவள் போல மிக்கேலம்மாள் நடு இடத்தில் போய் நின்று, பழைய குரலில் "ஓரா ப்ரோ நோபிஸ்" என்றாள். ஒன்றும் திரும்பி வரவில்லை. சத்தம் அப்படியே கடலைக் காட்டு வழியாகப் போய்விட்டது. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

இந்தத் தடவை பதில் வந்தது. "ஓராபுர முனீஸ்!" என்று அந்தப் பெண்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரே குரலில் சொன்னார்கள்.

மிக்கேலம்மாள் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். அவள் மேல் சாமி வந்துவிட்டது என்று குள்ளம்மாள் வேப்பிலை ஒடிக்க ஓடினாள்.