இண்டூரில் ஏறுகிறவளுக்கு வைத்த சீட்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பெங்களூரில் கம்பி கட்டினேன், திருப்பூரில் சாயத் தண்ணீரில் நின்றேன், லாரியில் குஜராத் வரை போனேன். எந்த வேலையிலும் இரண்டு வருடம் தாங்கியதில்லை. அப்படி அலைந்துதான் தருமபுரியில் ஒரு தனியார் கல்லூரி பஸ்ஸுக்குக் கிளீனராக வந்தேன். ஏரியூரில் எடுத்து, பென்னாகரம், இண்டூர் வழியாகப் போகும் வண்டி.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லவே கூசுகிறது. பெண்ணைப் பெற்றவர்கள் காலையில் ஸ்டாப்பில் என்னிடம் ஒரு பை கொடுப்பார்கள். தக்காளி இருக்கும், கடலைக்காய் இருக்கும். "புள்ளய ஒரு கண்ணு பாத்துக்கங்க." எவள் எவனோடு பேசினாள் என்று சாயங்காலம் அவர்களிடம் ஒப்பிப்பேன். செய்தது வேவு. அக்கறை என்று சொல்லிக்கொண்டேன்.

ஏரியூரில் ஏறும் மூன்றாம் வருடத்துப் பெண் ஒருத்தி, பக்கத்து சீட்டில் பையை வைத்து யாரையும் உட்கார விடமாட்டாள். இண்டூரில் இன்னொருத்தி ஏறினால்தான் பை மடிக்கு வரும். பிறகு இருவரும் கை கோத்துக்கொண்டு, ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்வார்கள். அது வெறும் சிநேகம் இல்லை என்று பஸ்ஸுக்கே தெரியும்.

"புருசனுக்கு சீட்டு போட்டாச்சா?" என்று பின்சீட்டுப் பையன்கள் கத்துவார்கள். ஒருத்தி தோளில் மற்றவள் தூங்கியதை டிரைவர் போனில் படம் பிடித்து டீக்கடையில் காட்டினார். வாயில் பாக்கு எச்சில் ஒழுக, "இன்னொரு வாட்டி காட்டுங்க" என்று கேட்டவர்களில் பாதிப்பேர் மகளைப் பெற்றவர்கள். நானும் எட்டிப் பார்த்துச் சிரித்தேன்.

ஏரியூர்ப் பெண்ணின் அப்பா கேட்டபோது, "எந்நேரமும் அந்த இண்டூர்ப் புள்ளயோடதாங்க, கைய விடறதே இல்ல" என்றேன். என் முகத்தில் இருந்த இளிப்பு அவருக்கு மீதியைச் சொல்லியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் அவள் என் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணா, எங்கப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"பாத்ததச் சொன்னேன்."

"என்ன பாத்தீங்க?"

யோசித்தேன். கை கோத்ததும் பாட்டுக் கேட்டதும்தான் நான் பார்த்தது.

"பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான்ணா. எனக்கு மாப்பிள்ளை பாத்துட்டாங்க."

அன்றே ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துறைத் தலைவர், பஸ் பொறுப்பாளர், அவள் அப்பா. அவள் சுவரோரம் நின்றாள். அவர்கள் இருவர் மேல் நான் கொடுப்பதுபோல் ஒரு புகார் டைப் அடித்துத் தயாராக இருந்தது.

"கையெழுத்துப் போடுப்பா. புள்ளைக்கு டி.சி. குடுத்து கௌரவமா அனுப்பிடலாம்" என்றார் பொறுப்பாளர்.

எனக்கு மனசுக்குள் படிக்க வராது. உதடு அசைந்தால்தான் எழுத்து பிடிபடும். எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தேன். மூன்றாவது வரியில் டிரைவர் டீக்கடையில் பேசுகிற பேச்சே நாறியது. துப்பட்டாவுக்கு அடியில் அது, கடைசி சீட்டில் இது என்று யாரும் பார்க்காத அசிங்கம். ஆம்பிளைகள் உட்கார்ந்து ரசித்து எழுதியது.

"படிக்க வேணாம்ப்பா, கையெழுத்து மட்டும் போடு."

"படிக்காம எப்படிங்க போடறது?" அடுத்த வரிக்குப் போனேன். வேண்டுமென்றே சத்தமாகப் படித்தேன்.

"நிறுத்துங்க!" அவள் அப்பா எழுந்துவிட்டார். "எம்புள்ளயப் பத்தி இத எவன் எழுதுனான்?"

பொறுப்பாளர் மேஜையைப் பார்த்தார்.

"நான் இதெல்லாம் பாக்கலைங்க" என்றேன். "நான் சொன்னதே தப்பு. அதுங்க ரெண்டும் பாட்டுக் கேட்டுச்சு, அவ்வளவுதான்."

அவர் மகளை மன்னித்துவிடவில்லை. அந்தக் காகிதத்தை எழுதினவர்கள் பக்கம் நிற்க அவருக்கு அருவருப்பாக இருந்தது, அவ்வளவே. "பரீட்சை எழுதட்டும்" என்றார். மறுநாளிலிருந்து பைக்கில் தானே கொண்டுவந்து விட்டார்.

இண்டூர்ப் பெண் பஸ்ஸில் தனியாக வந்தாள். "புருசன் வரலையா?" என்று ஒருவன் ஆரம்பித்ததும் பக்கத்தில் போய் நின்றேன். "இன்னொரு வாட்டி சொல்லுடா, எறக்கி விட்டுடறேன்." டிரைவர் முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்லூரியில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் படம் பிடிக்கப் போன்கள் உயரும். அதனால் இண்டூர்ப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, மத்தியானம் மைதானத்தில் நிற்கும் பஸ்ஸைத் திறந்துவைத்துப் படியில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள்தான் டிபன் பாக்ஸோடு வந்தார்கள். ஏரியூர்ப் பெண் என்னைத் தாண்டும்போது நின்றாள்.

"உங்கள நம்பி வரல. வேற எடம் இல்ல, அதான்."

"சரிம்மா" என்று எழுந்து வழிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு வெயிலில் நின்றேன்.