தராசில் ஏறிய பயத்தம் மா

எங்கள் ஜேர்மன் ஆய்வுகூடத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றி வாசலில் மாட்டினாலும் உள்ளே விடமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஓர் ஒட்டும் உருளை தொங்கும். ஒருவர் முதுகில் மற்றவர் அதை உருட்டிவிட வேண்டும். பதினொரு வருடமாக, தினமும் காலையில் ரொட்டி மா மாதிரி உருட்டப்பட்ட பிறகுதான் நான் விஞ்ஞானியாகிறேன்.

எல்லாம் உள்ளே இருக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் மரியாதைக்கு. புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டிக் கொடுத்தால், ஒவ்வொரு துண்டையும் நிறுத்து, இது இன்ன புரதம் என்று அடையாளம் காட்டும் தராசு அது. கொழும்புப் புறக்கோட்டைச் சந்தைத் தராசில் விரல் வைத்து ஏமாற்றலாம். இதில் விரல் பட்டாலே காட்டிக்கொடுத்துவிடும். நோயாளியின் இரத்தத்தை வைத்தால், ஆராய்ச்சி செய்கிறவனின் தோலும் அவன் சட்டைக்கு மயிர் கொடுத்த செம்மறியாடும் முந்திக்கொண்டு வந்து நிற்கும். ஆக, இத்தனை வருடத்தில் நான் அதிகம் கண்டுபிடித்தது என்னையும் ஆட்டையும்தான்.

அங்கே என் வேலை இரண்டு வருட ஒப்பந்தம். முடிகிற நேரத்தில் ஏதாவது கண்டுபிடித்தால் இன்னும் இரண்டு வருடம். போன மாரிக் குளிரில், ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தில் மட்டும் பெயர் தெரியாத ஒரு புரதம் தலைகாட்டியது. ஆரோக்கியமானவர்களிடம் அது இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அக்காவுக்கு உடனே போன் எடுத்தேன்.

“அக்கா, ஒண்டு ஆம்பிட்டிருக்கு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

“நான் ஏனடா சொல்லுறன்?”

இரண்டே நாளில், கோயில் ஐயர் தொடக்கம் அவள் வீட்டு மாடிக்குக் கீழே மரக்கறி விற்கும் சிங்கள அம்மா வரை, தம்பி கிட்னிக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டான் என்று தெரிந்துவிட்டது.

மனிதப் புரதங்களில் அதற்குப் பெயர் கிடைக்காததால், உலகத்து உயிர்கள் எல்லாவற்றிலும் தேடும்படி கணினியை விட்டேன். மறுநாள் மத்தியானம் விடை வந்தது: பயறு. நாங்கள் அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிடுகிற அதே பச்சைப்பயறு.

எனக்கு அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய விடுமுறையில், குளிரில் வெடித்திருந்த என் கையைப் பார்த்துவிட்டு, நேரே மில்லுக்குப் போய்ப் பயறு அரைப்பித்துக்கொண்டு வந்தாள். “சோப்பைத் தூக்கி எறி. இதைப் போட்டுக் குளி” என்றாள். குளித்தேன். அந்தக் கையோடு நோயாளிகளின் மாதிரிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் நானே தயாரித்தேன். ஆரோக்கியமானவர்களுடையதை இன்னொரு நாள் என்னோடு வேலை செய்யும் ஆங்க என்ற பெண் தயாரித்தாள். முதலாம் வருட மாணவனும் விடாத பிழை.

ஆங்க விடையைப் பார்த்துவிட்டு, “நோயாளிகள் பயறு சாப்பிட்டிருப்பார்களோ?” என்று கேட்டாள். அப்படியே விட்டிருக்கலாம். புது ஒப்பந்தத்தில் கையெழுத்து விழ மூன்று கிழமைதான் இருந்தது. பயறு போட்டுக் குளிக்கிறவன் அந்தக் கட்டடத்தில் ஒருவன்தான் என்பது எனக்கு மட்டுமே தெரியும். இரண்டு நாள் அப்படித்தான் விட்டேன். மூன்றாம் நாள், கையுறைக்கும் சட்டைக்கும் இடையில் தெரியும் மணிக்கட்டை வெறும் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரைக் கருவிக்குக் கொடுத்தேன். திரையில் பயறாக அக்கா நேரிலேயே வந்து நின்றாள்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

“இது உங்கள் உணவா?”

“குளிப்பதற்கு.”

“உணவை வைத்தா குளிக்கிறீர்கள்?”

“பலகாரமும் செய்யலாம்.”

“ஒரே பொட்டலத்திலிருந்தா?”

அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொன்னார். இரண்டு வருட ஒப்பந்தம் ஆறு மாதமாகச் சுருங்கியது.

இதை அக்காவின் மூன்றாம் மாடியிலிருந்து எழுதுகிறேன். நாளைக்குத் திரும்பிப் பயணம். கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கிளாஸ்கள் நடுங்குகின்றன. நேற்றுத்தான் அவளிடம் முழுக்கதையையும் சொன்னேன்.

“அப்ப உன்ர வேலையைக் கெடுத்தது நான்தானோ?”

“இல்லையக்கா. கை கழுவத் தெரியாத நான்.”

“இவ்வளவு படிச்சும் கை கழுவத் தெரியேல்லையோ? இஞ்சயே வந்திரன்ரா.”

ஐம்பதை நெருங்குகிறவன் ஆறு ஆறு மாதமாக வாழ்வது அலுப்பான காரியம். ஆனால் இங்கேயும் நான் வந்த அன்றே “எப்ப திரும்பிறியள்?” என்றுதான் கேட்கிறார்கள்.

கருவி கண்டாலும் கணக்கில் எடுக்கக்கூடாதவற்றுக்கு எங்களிடம் ஒரு பட்டியல் உண்டு: மனிதத் தோல், ஆட்டுமயிர், கையுறை ரப்பர். அதன் அடியில் பேராசிரியர் பயற்றையும் சேர்த்துவிட்டார். என் ஒப்பந்தத்துக்கு முடிவுத் திகதி இருக்கிறது. அந்த வரிக்கு இல்லை. அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த நிரந்தர வதிவிடம் அதுதான்.

இன்று காலை அக்கா என் பெட்டிக்குள் ஒரு டசின் சோப்பை அடுக்கினாள். அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து நான் குசினிக்குள் நுழைந்து, பயத்தம் மா டின்னைத் திறந்து, ஆய்வுகூடம் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கென்று சின்னப் பொட்டலம் ஒன்று கட்டினேன். சட்டைக்கையில் மா கொட்டிவிட்டது. உருளையை எடுக்கக் கை தானாகக் கதவுக்குப் பின்னால் போயிற்று. அங்கே அக்காவின் குடை தொங்கியது.