இத்தா வீட்டு வாசலில் நின்ற மாப்பிள்ளை

1961ஆம் ஆண்டு, சித்திரை விடுமுறை. காலை எட்டு மணிக்குத் திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் லாஞ்சில் ஏறினேன். கட்டணம் எழுபத்தைந்து சதம். தரைவழியாகப் போனால் பல ஆறுகளைக் கடக்க வேண்டும். கடலால் ஏழெட்டு மைல்தான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்குக் கடல் என்பது கரையில் நின்று பார்க்கிற சங்கதி. கொட்டியாரக் குடாவின் நடுவில் லாஞ்ச் ஆடத் தொடங்கியதும், காலையில் சாப்பிட்ட இடியப்பம் மேலே வரப் பார்த்தது.

"தண்ணியப் பாக்காதீங்க மாஸ்டர், தூரத்தப் பாருங்க" என்று பக்கத்திலிருந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர் சுலைமான் காக்கா. இரண்டாம் உலக யுத்த காலத்தில் சரக்குக் கப்பலில் சமையற்காரர். இப்போது மூதூரில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். யுத்தக் கதைகள் கேட்டு எழுத வந்திருக்கிறேன் என்றதும், "அப்ப வேற எங்கயும் போகத் தேவையில்ல" என்று கையோடு வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

ஒன்பதரை மணி. கதிரையில் உட்கார வைத்துவிட்டு, அவர் கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். தேத்தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி ஆசியா உம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கடலில நடந்ததக் கேளுங்க மாஸ்டர். இருவது வருசமாப் போகுது, எனக்கு ஒரு சொல் சொல்லல்ல. கேட்டா வாசல் கதையச் சொல்லிச் சிரிக்க வச்சிருவார்."

அவர் சொன்னது சரிதான். காக்கா வந்து உட்கார்ந்ததும் வாசல் கதைதான் வந்தது. கப்பல் மூழ்கிவிட்டது என்று ஊருக்குத் தந்தி வந்ததாம். ஆசியா உம்மா இத்தா இருந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பது இத்தா. மூன்றாம் மாதம் காக்கா, எலும்பும் தாடியுமாக வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

"மாமி உள்ளுக்கிருந்து, 'ஆம்பிளையள் வரப்படா, வீட்டில இத்தா' எண்டா. 'ஆரு மௌத்து?' எண்டு கேட்டனான். 'என்ட மருமகன், தங்கமான புள்ள' எண்டா. எனக்கும் அழுகை வந்திட்டுது மாஸ்டர்! வாசலில குந்தியிருந்து அழுதனான்!"

செத்தவர் உள்ளே வரலாமா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டு வர மத்தியானமாகிவிட்டதாம். அதுவரை வேலிக்கு வெளியே நின்று, தான் செத்ததற்கு ஊரைக் கூப்பிட்டுப் போட்ட கத்தத்துச் சோற்றுக்கு யார் யார் வந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம். எனக்கு வயிறு நோகச் சிரிப்பு. ஆசியா உம்மாவும் சிரித்தார். ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பல் மூழ்கினாப் பிறகு, தப்பின படகில எத்தனை பேர் இருந்தனீங்கள் காக்கா?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏழு பேர். ஆறு நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மிடறு தண்ணி. மலையாளத்துப் பொன்னானி ஆள், மொய்து எண்டு, என்ட மடியிலதான் கிடந்தவர். கடைசி அண்டைக்கு என்ட பங்கையும் அவருக்குக் குடுத்தனான். குடிச்சிட்டுச் சிரிச்சார். வீட்டுக்கு ஒரு கடிதம் போடச் சொன்னவர். விடியக்குள்ள மௌத்தாயிட்டார். எனக்கு எழுத ஏலாது. ஆரிட்டயும் எழுதித் தரக் கேட்டா இவளுக்குத் தெரிஞ்சிரும்."

"எனக்குத் தெரிஞ்சா என்ன?" என்றார் ஆசியா உம்மா.

"வாசல் கதைக்கு நீ சிரிப்பாய். அது மட்டும் எனக்குக் காணும்."

நான் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்ததில் மத்தியானம் கடந்துவிட்டது. இரண்டு மணி லாஞ்சின் ஊதல் கேட்டு எழுந்தேன். அதுதான் அன்றைய கடைசி லாஞ்ச். ஆசியா உம்மா அலுமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இருங்க மாஸ்டர், நாளைக்குப் போகலாம். பொன்னானிப் பள்ளிவாசலுக்குக் கடிதம் போட்டா விசாரிச்சுக் குடுப்பாங்க. 'தண்ணி குடிச்சிட்டுத்தான் போனவர்' எண்டு முதல் வரியில எழுதுங்க. அவர்ட பொஞ்சாதி அதத்தான் யோசிச்சுக்கொண்டிருப்பா. இத்தா இருந்த மூணு மாசமும் நான் அதத்தான் யோசிச்சனான்."